சிம்னிக்கும் சூடு வேண்டும்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள். அங்கே தெருத்தெருவாக நிற்கும் நூறாண்டுப் பழைய வரிசை வீடுகளில் அநேகமாக எல்லாவற்றின் கூடத்துச் சுவரிலும் ஒரு கணப்பு இருக்கும், அல்லது பலகை வைத்து மூடப்பட்ட அதன் தடம் இருக்கும். அப்படிப்பட்ட வீடு ஒன்றில், திறந்த கணப்புக் குழிக்குள் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகு ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதன் குழாயைச் சிம்னிக்குள் செருகிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பைவிடப் பாதி விறகு போதும். கூடமும் முன்பைவிட இதமாக இருக்கிறது. இரண்டு குளிர்காலம் கழிந்ததும், மாடிப் படுக்கையறைச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கறை பரவுகிறது. வண்ணம் அடித்தாலும் மீண்டும் ஊறி வெளியே வருகிறது. அறையில் கரிந்த நெடி.

நூறாண்டு காலம் பெரிய திறந்த நெருப்பைத் தாங்கிய சிம்னி, அதைவிடச் சிறிய, அதைவிடச் சிக்கனமான நெருப்பிடம் ஏன் தோற்றது?

ஸ்டவ் மோசமானது என்பதால் அல்ல, அது நல்ல ஸ்டவ் என்பதால்தான். இது விளங்க வேண்டுமானால் சிம்னி செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். புகையை நெருப்பு மேலே தள்ளுகிறது என்று தோன்றும். நடப்பது வேறு. சிம்னிக்குள் நிற்பது சூடான காற்றுத் தூண். சூடான காற்று விரிந்து எடை குறைந்திருக்கும். வெளியே அதே உயரத்துக்கு நிற்பது குளிர்ந்த, கனமான காற்று. கனமானது கீழே நெருக்கிக்கொண்டு அறைக்குள் வந்து, இலேசானதை மேலே ஏற்றிவிடுகிறது. இந்த எடை வேறுபாட்டால் வரும் விசைக்கு இழுவை என்று பெயர். சிம்னி எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுவை கூடும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி சிம்னிக்கு 4.5 மீட்டர் உயரம் இருந்தால் பெரும்பாலும் போதும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இழுவை எவ்வளவு பெரிய விசை? குழாயில் சிறு துளையிட்டு அழுத்தமானியை இணைத்தால் அளந்துவிடலாம். விறகு ஸ்டவ்களைச் சோதனைக்கூடத்தில் பரிசோதிக்கும்போது வைக்கும் இழுவை 12 பாஸ்கல். 1.2 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் அது. வளிமண்டல அழுத்தத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. கதவையும் ஜன்னலையும் இறுக்கமாகச் சாத்திவிட்டுச் சமையலறைப் புகைவிசிறியைப் போட்டால், அந்த விசிறியே இதை வென்று சிம்னிப் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடக்கூடும். ஆகவே ஸ்டவ் பொருத்துகிறவர் கடைசியில் செய்யும் சோதனைகளில் ஒன்று, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை அறைக்குள் கசிகிறதா என்று பார்ப்பது.

இவ்வளவு மெல்லிய விசையை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. அதற்குத் தீனி, சிம்னிக்குள் போகும் சூடு.

திறந்த கணப்பு அந்தச் சூட்டை வாரி வழங்கியது. விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 20, 30 பங்கு அறைக்குக் கிடைத்தால் அதிகம். மிச்சமெல்லாம் மேலே போகும். கூடவே அறையின் காற்றையும் பெருமளவில் உறிஞ்சிச் செல்லும். இந்த வீணடிப்பு பலரை உறுத்தியது. 1744-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பென்சில்வேனியாவில் தாம் வடிவமைத்த இரும்புக் கணப்பைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். அதில் புகையை உடனே மேலே விடாமல், ஒரு தடுப்பின் மேலேறிக் கீழிறங்கச் செய்து, அதன் சூட்டையெல்லாம் அறைக்குப் பிடுங்கிக்கொண்டு, தரைமட்டத்தில் சிம்னிக்குள் விட்டார். எண்ணம் அருமை. ஆனால் சூட்டை இழந்த புகைக்கு ஏற மனமில்லை. சிம்னி குளிர்ந்திருந்தால் அடுப்பு அறைக்குள்ளேயே புகைந்தது. பின்னால் வந்தவர்கள் இறங்கும் பாதையை எடுத்துவிட்டு, புகைக்கு நேரான வழி கொடுத்த பிறகுதான் அந்த அடுப்பு பரவலாக ஓடியது. 1796-இல் லண்டனில் ரம்ஃபோர்ட் பிரபு வேறு வழியில் போனார். கணப்பின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்தார், சிம்னியின் தொண்டையைச் சுருக்கினார். இழுவைக்குத் தேவையான சூட்டை விட்டுவைத்து, வீணாகப் போகும் அறைக் காற்றை மட்டும் மறித்தார். லண்டன் வீடுகள் வரிசையாக அவர் முறைக்கு மாறின. என் பார்வையில் இந்த இருவரில் சிம்னியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ரம்ஃபோர்ட்தான்.

இன்றைய ஸ்டவ் ஃபிராங்க்ளின் ஆசைப்பட்டதைச் சாதித்துவிட்டது. வெப்பத்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் அறைக்குத் தருகிறது. அப்படியானால் சிம்னிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஃபிராங்க்ளினின் பழைய சிக்கலும் கூடவே திரும்பி வருகிறது.

அடுத்து, புகை என்றால் என்ன என்பதற்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு நுனியைச் சுடரின் நடுவே வைத்தார். மறுநுனியில் ஆவி வெளிவந்தது. அதைப் பற்றவைத்தபோது எரிந்தது. எரிவது மெழுகு அல்ல, சூட்டில் மெழுகிலிருந்து கிளம்பும் ஆவி என்று எல்லார் கண்ணெதிரிலும் காட்டினார். விறகும் இப்படித்தான். சூடேறும்போது காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாயுவாகவும் தார் ஆவியாகவும் பிரிந்து வெளியேறுகிறது. இதை வெப்பச்சிதைவு என்பார்கள். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவது. மீதிக் கால் பங்கு கரியாகக் கனன்று எரிகிறது. வாயு எரியப் போதிய சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் அது எரியாமலேயே மேலே போகும். கரும்புகையாகவோ வெண்புகையாகவோ சிம்னி உச்சியில் தெரிவதில் பெரும்பகுதி, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு.

அதோடு தண்ணீரும் போகிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாக. நன்றாகக் காய்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். அதற்கு மேல், விறகில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் விளைவதும் நீர்தான். இரண்டையும் கூட்டினால் ஒரு கிலோ விறகு எரியும்போது அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகச் சிம்னியில் ஏறுகிறது. ஒரு மாலையில் ஆறு கிலோ எரித்தால் மூன்று லிட்டருக்கும் மேல்.

இட்லிப் பானையைத் திறந்தவுடன் மூடியின் உட்புறம் பார்த்திருப்பீர்கள், நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். பானைக்குள் ஆவியாக இருந்ததுதான், ஆறிய உலோகத்தைத் தொட்டதும் நீராகிவிட்டது. குளிர்ந்த சிம்னிச் சுவரிலும் இதே கதை. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே நீரோடு எரியாத தாரும் அமிலங்களும் சேர்ந்து படிகின்றன. திறந்த கணப்பில் ஏராளமான அறைக்காற்று கலந்து ஆவியின் செறிவு குறைந்துவிடும், போகிற மொத்த வெப்பமும் செங்கலைக் கதகதப்பாக வைத்திருக்கும், ஆகவே படிவது குறைவு. ஸ்டவ்விலிருந்து வருவது கொஞ்சம் புகை. ஆனால் செறிந்த புகை.

இப்போது அந்தப் புகை எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். 5 கிலோவாட் ஸ்டவ் ஒன்று மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் விறகு எரிக்கும். அது அனுப்பும் புகை 200 டிகிரியில் மணிக்கு 24 கன மீட்டர் அளவு வரும். பழைய சிம்னித் துளை பக்கத்துக்கு 9 அங்குலம் கொண்ட சதுரம். 8 மீட்டர் உயரத்தைக் கடக்கப் புகைக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழாய் என்றால் இருபது விநாடிதான். துளையின் பரப்பு மூன்று மடங்கு, ஆகவே நேரமும் மூன்று மடங்கு. அத்தனை நேரமும் புகை குளிர்ந்த செங்கலைத் தடவிக்கொண்டே ஏறுகிறது. உச்சிக்குப் போவதற்குள் சூடு தீர்ந்துவிடுகிறது, இழுவை தளர்கிறது, தளர்ந்ததால் இன்னும் மெதுவாக ஏறுகிறது, இன்னும் குளிர்கிறது.

இங்கிலாந்தில் 1960-களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய சிம்னிகளில் பெரும்பாலும் உள்உறை கிடையாது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, உட்புறப் பூச்சு, அவ்வளவுதான். அமிலம் கலந்த தார்நீர் சாந்தை அரித்து, செங்கலுக்குள் ஊறி, மறுபக்கப் படுக்கையறைச் சுவரில் தலைகாட்டுகிறது. நாம் தேடிய பழுப்புக் கறை இதுதான். கறையோடு நின்றால் கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனித் துளை இருந்தாலும், அவற்றை ஒரே சிம்னித் தூணில் அடுக்கி, நடுவே ஒற்றைச் செங்கல் தடுப்பு மட்டும் வைத்துக் கட்டியிருப்பார்கள். பொதுச் சுவரில் பக்கத்து வீட்டுத் துளைகளும் சேர்ந்தே இருக்கும். தடுப்பின் சாந்து உதிர்ந்தால் நம் வீட்டுப் புகை அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும் அறைக்குப் போகலாம்.

தார் இன்னொரு கேட்டையும் செய்யும். சுவரில் படிந்து, உலர்ந்து, பளபளப்பான கருப்புக் கெட்டியாக மாறும். இது நல்ல எரிபொருள். என்றாவது ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டும்போது ஒரு பொறி அங்கே போய்ச் சேர்ந்தால் சிம்னி முழுவதும் பற்றிக்கொள்ளும். பெரும் இரைச்சலோடு எரியும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டக்கூடும். புகைக்கரித் தீயைத் தாங்கும் என்று சான்று பெற வேண்டிய சிம்னிப் பொருள்களைச் சோதனைக்கூடத்தில் 1,000 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் இதை மனத்தில் கொண்டுதான்.

இனிப் பொருத்தும் வேலையைப் பார்த்தால், அங்கே செய்வதற்கெல்லாம் காரணம் தானாக விளங்கும். முதலில் சிம்னியைத் துடைத்து, புகை விட்டு, வேண்டுமானால் கேமரா இறக்கிப் பார்க்கிறார்கள். பிறகு கூரை உச்சியிலிருந்து துருப்பிடிக்காத எஃகாலான வளையும் குழாயை ஸ்டவ் வரைக்கும் இறக்குகிறார்கள். இதற்கு லைனர் என்று பெயர். குழாய்க்கும் பழைய செங்கலுக்கும் இடைப்பட்ட வெளியில், குறிப்பாக வெளிச்சுவரை ஒட்டிய குளிர்ந்த சிம்னியானால், வெர்மிகுலைட் போன்ற வெப்பம் கடத்தாத பொருளைக் கொட்டி நிரப்புவதுண்டு. கணப்பின் தொண்டையை எஃகுத் தகட்டால் அடைத்து, குழாய் நுழைய மட்டும் வழி விடுகிறார்கள். தகடு இல்லாவிட்டால் அறையின் சூடான காற்று ஸ்டவ்வைச் சுற்றிக்கொண்டு தப்பிப்போகும். எல்லாவற்றுக்கும் குறி ஒன்றே: புகை உச்சியை விட்டு வெளியேறும்வரை சூடாக இருக்க வேண்டும்.

லைனருக்குக் கீழே குழாய்த் துண்டுகளைக் கோப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாகப் பார்க்கிறவர், மேல் துண்டின் வாய் கீழ்த் துண்டைக் கவ்வியிருக்க வேண்டும், இல்லையென்றால் புகை கசியும் என்று நினைப்பார். சரியான முறை தலைகீழ்: அகன்ற வாய் மேல்நோக்கி இருக்க, மேல் துண்டு அதற்குள் இறங்கி உட்கார வேண்டும். இழுவை நன்றாக இருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் குறைவு. இடுக்கு வழியாகக் காற்று உள்ளேதான் போகும், புகை வெளியே வராது. வழிந்து இறங்கும் தார்தான் கசியும். வாய் மேல்நோக்கி இருந்தால் தார் குழாய்க்குள்ளேயே இறங்கி நெருப்பில் விழுந்து எரிந்துபோகும்.

மரத்தை எட்ட வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் கணப்பின் மேல் ஓர் ஓக் மர உத்தரம் அழகுக்காகவோ பாரம் தாங்கவோ கிடக்கும். திறந்த நெருப்பு அதைச் சுடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டவ்வின் உறையில்லாத இரும்புக் குழாய் அதன் முன்னால் மணிக்கணக்கில் கதிர்வீசிக்கொண்டிருக்கும். விதி எளியது: எரியக்கூடிய எதுவும் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 450 மில்லிமீட்டர். நடுவே முறையான வெப்பத் தடுப்பு இருந்தால் அதில் பாதி போதும். ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட மரம் உலர்ந்து, மெல்லக் கருகி, புது மரத்தைவிட எளிதில் பற்றும் நிலைக்கு வரும் என்பதால் இத்தனை தாராள இடைவெளி. ஸ்டவ்வின் அடியில் எரியாத தளம் வேண்டும். தளத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்று சோதித்துச் சான்று பெற்ற ஸ்டவ்வுக்கு 12 மில்லிமீட்டர் கனமுள்ள கல்பலகையே போதும்; மற்றவற்றுக்கு 125 மில்லிமீட்டர் வேண்டும். முன்புறம் தளம் 225 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும், கதவைத் திறந்துவைத்து எரிக்கக்கூடிய வகையானால் 300.

மிக ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாது. 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியலாளர் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தாமே சுவாசித்து, தம் உடலில் ஏற்படும் மாற்றங்களைக் குறித்துக்கொண்டார். ஒரு துளி ரத்தத்தை நீர்த்து, அதன் நிறத்தைச் சாயக் கரைசலோடு ஒப்பிட்டு, ரத்தம் எவ்வளவு வாயுவைப் பிடித்திருக்கிறது என்று அளந்தார். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இந்த வாயு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. காற்றில் சிறிதளவே இருந்தாலும் ரத்தத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடுவது இதனால்தான். 1896-இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பை ஆராய்ந்து, இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதன் பின் பரவிய இந்த வாயுவே என்று காட்டினார். மனிதனைவிட வேகமாகச் சுவாசிக்கும் சிறு உயிர்கள் முன்னதாகவே மயங்கும் என்பதால் சுரங்கங்களில் அவற்றை எச்சரிக்கைக்கு வைக்கச் சொன்னதும் அவரே. பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் 1986 வரை இந்த வேலையைச் செய்தன.

விறகு ஸ்டவ்வில் இந்த வாயு எப்போது அச்சுறுத்தும்? கொழுந்துவிட்டு எரியும்போதுதான் என்று தோன்றும். உண்மையில், இரவு வெகுநேரம் கழித்து, சுவாலை அடங்கிக் கரி மட்டும் கனலும் வேளையில்தான். அப்போது புகை இல்லை, நெடி இல்லை. கரி மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். சிம்னியோ சூடு குறைந்து இழுவையை இழந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஸ்டவ்வுக்குள் காற்று விடும் கதவை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கப் போவது பலரின் பழக்கம். இங்கிலாந்தில் புதிதாகத் திட எரிபொருள் அடுப்பு பொருத்தும்போது எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். கூரையில் வைப்பதானால் எந்தச் சுவரிலிருந்தும் 300 மில்லிமீட்டராவது தள்ளி, ஸ்டவ்விலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் அதை வைக்க வேண்டும்.

உள்ளே வரும் காற்றுக்கும் கணக்கு உண்டு. பழைய வீடுகளின் இடுக்குகள் வழியாக வரும் காற்று 5 கிலோவாட் வரை போதும் என்பது விதியின் அனுமானம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் துவாரம் வேண்டும். 8 கிலோவாட் என்றால் 1,650, ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் சதுரம். காற்றுப் புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் முதல் கிலோவாட்டிலிருந்தே கணக்கு தொடங்கும். சில்லென்று காற்று வருகிறதே என்று இந்தத் துவாரத்தில் பழந்துணியை அடைப்பவர்கள் தங்கள் சிம்னியின் கழுத்தையே நெரிக்கிறார்கள்.

கடைக்குப் போனால் பெரிய ஸ்டவ்வைத் தேர்ந்தெடுக்கவே கை போகும். அங்கே கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். அறையின் கன அளவை மீட்டரில் கணக்கிட்டு 14-ஆல் வகுப்பது விற்பனையாளர்களின் கைக்கணக்கு. 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 50 கன மீட்டர். மூன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்றுக் கூட. அங்கே 8 கிலோவாட் வைத்தால் அறை பத்து நிமிடத்தில் கொதிக்கும், உடனே காற்றை அடைப்பார்கள். நெருப்பு புகையத் தொடங்கும். ஃபாரடே பற்றவைத்துக் காட்டிய ஆவி எரியாமல் மேலே போய்த் தாராகப் படியும். ஈர விறகும் இதைத்தான் செய்யும்: புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிகூட நீராக இருக்கலாம், அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு மூட்டைகளில் விற்கும் விறகு 20 சதவீத ஈரத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. லண்டனின் பெரும்பகுதி இன்றும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிதான், அங்கே விறகு எரிக்க விலக்குப் பெற்ற ஸ்டவ் வேண்டும். அந்த விலக்குப் பெற்ற ஸ்டவ்கூட வாயு ஹீட்டரைவிட மிக அதிகமான நுண்துகளைத் தெருவில் விடுகிறது. வேறு வெப்பம் கிடைக்கும் நகரத்து வீட்டில் அழகுக்காக மட்டும் இதை வைக்கலாமா என்று கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வாயுக் குழாய் போகாத கிராமத்து வீட்டுக்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

வைத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிம்னி துடைப்பவரை அழைக்க வேண்டும். அவர் தூரிகையில் வருவது உலர்ந்த, மென்மையான கரும்பொடி என்றால் புகை சூடாகவே வெளியேறுகிறது என்று அர்த்தம். தூரிகை வழுக்கிக்கொண்டு, சுவரில் பளபளப்பான கெட்டித் தார் அப்படியே ஒட்டியிருந்தால் சாதாரணத் தூரிகைக்கு அது அசையாது. தனிக் கருவி வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். அதை எடுத்து முடிக்கும்வரை அந்த ஸ்டவ்வில் நெருப்பு மூட்டக் கூடாது.